சர்பத்துக்குள் ஒட்டகம்

திரேசம்மா மாமியின் கை பாதி வழியில் நின்றது. கிளாஸ் உதட்டுக்கு நாலு விரல் கீழே. உள்ளே இருந்த மண்ணிறச் சர்பத் மட்டும் நிற்கத் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தது.

“உதுக்குள்ள என்ன கிடக்கெண்டு சொன்னனீ?”

“ஒட்டகம், மாமி.”

அன்று வெள்ளிக்கிழமை. அதுவும் தபசுகாலத்து வெள்ளிக்கிழமை. இறைச்சி வாயில் படக் கூடாத சுத்தபோசன நாள். மாமி ஒரு கிளாஸ் குடித்து முடித்திருந்தார். கையில் இருந்தது இரண்டாவது, அதிலும் பாதிதான் மிச்சம்.

மாமி என்று எழுதுகிறேனே தவிர, அப்போது அவர் எங்களுக்கு மாமி ஆகியிருக்கவில்லை. என் அக்கா ஜெசிந்தாவும் பேசாலை பிலேந்திரனும் ஒரு திருவிழாவில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதை இரண்டு வீட்டாரும் ஒரு வருடம் பார்க்காததுபோல் இருந்தார்கள். பிறகு பிலேந்திரனின் தாய் திரேசம்மா பெண் கேட்டு வந்தார். தபசுகாலம் கழிந்து பாஸ்குத் திருநாள் முடியக் கலியாணம் என்று வாய்ப்பேச்சு. அதற்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் கலியாண ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் அறிவிப்பதுதான் ஓலை.

ஒட்டகம் ஒரு தடையா என்று அதுவரை எங்கள் ஊரில் யாரும் யோசித்ததில்லை.

வாசிக்கிற பிள்ளை

போன கிழமை இந்தப் பத்தியில், எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் கண்ட முதல் ஆள் நான்தான் என்று எழுதியிருந்தேன். ‘முதல் ஆளாகப் படித்ததில் என்ன சுகம்?’ என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். சுகம் இருந்தது ஐயா. அதைத்தான் இந்தக் கிழமை சொல்ல வந்தேன்.

அப்பா தாழ்வுபாட்டில் கடலுக்குப் போகிறவர். கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் வைப்பார். அம்மாவுக்குச் செபப் புத்தகம் முழுவதும் மனப்பாடம், ஆனால் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சொல்லுவார். அப்படிப்பட்ட வீட்டில் நான் ஆங்கில எழுத்தைக் கூட்டி வாசிப்பேன் என்றால் எனக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும்!

இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்ட புதிது அது. பல வருடமாகக் காணாத சாமான்கள் மன்னார்க் கடைகளில் வந்து நிறைந்திருந்தன. போத்தல், ரின், பக்கெற்று எல்லாவற்றிலும் ஆங்கிலம். எங்கள் தெருவில் யார் எதை வாங்கினாலும் முதலில் என்னிடம் கொண்டுவருவார்கள். நான் அதை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, கொஞ்சம் தாமதித்து வாசிப்பேன். தாமதம் முக்கியம். உடனே வாசித்தால் ஆட்கள் நம்பமாட்டார்கள்.

பிழையே விடவில்லை என்று சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டு மனிதருக்குக் கொழும்பிலிருந்து ஒரு சட்டை வந்தது. கழுத்துக்குள் ஏதோ எழுதியிருக்கிறது, பார் என்று கொண்டுவந்தார். ‘கையால் மட்டும் கழுவவும்’ என்று இருந்திருக்க வேண்டும். நான் ‘கை கழுவ மட்டும்’ என்று வாசித்துக் கொடுத்தேன். மனிதர் வாங்கிக்கொண்டு போனார். அந்த நல்ல நீலச் சட்டை இரண்டு மாதம் அவர் வீட்டுக் கிணற்றடியில் கை துடைக்கத் தொங்கியது. படித்த பிள்ளை சொன்னால் கேட்க வேண்டும் அல்லவா?

வாய் திறக்காத எழுத்துகள்

இன்னொரு விசயத்தையும் சொல்லாவிட்டால் ஒட்டகம் எங்கிருந்து வந்தது என்று விளங்காது.

அந்த வருடம் எங்கள் ஆங்கில ரீச்சர் ஊமை எழுத்துகளைப் படிப்பித்திருந்தார். கத்திக்கு எழுதும் ஆங்கிலச் சொல்லில் முதலில் ‘கே’ நிற்கும், வாய் திறக்காது. ஆட்டுக்குட்டியின் கடைசியில் ‘பீ’ நிற்கும், அதுவும் ஊமை. புதன்கிழமைக்கு நடுவில் ஒரு ‘டீ’ சும்மா இருக்கும். எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. சம்பளம் இல்லாமல் அரசாங்கக் கந்தோரில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் மாதிரி எழுத்துகள்! அதற்குப் பிறகு தெரியாத சொல் ஒன்று வந்தால், இடைஞ்சலான எழுத்தை ஊமை என்று தள்ளிவிடுவேன். சொல் வழிக்கு வந்துவிடும்.

அன்றைக்கு மாமி எங்கள் வீட்டுக்கு வருவதாக இருக்கவில்லை. மன்னாருக்குச் சாமான் வாங்க வந்தவர் வெயிலுக்கு ஒதுங்குவதுபோல் நுழைந்தார். அம்மா பதறிப்போய், அலுமாரியில் கலியாண வீட்டுக்கு என்று வைத்திருந்த வெளிநாட்டுச் சர்பத் போத்தலை உடைத்துக் கரைத்தார். மாமிக்கு நன்றாகப் பிடித்துவிட்டது.

“நல்லாத்தான் இருக்கு. என்ன நிறம் பாருங்கோவன்! என்ன பழத்தில செய்யிறாங்கள்?”

அப்பாவுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. “அன்ரன், மாமிக்கு உதை வாசிச்சுச் சொல்லு” என்றார். சொல்லிவிட்டு மாமியைப் பார்த்துக் கதிரையில் நிமிர்ந்தார்.

நான் போத்தலை வெளிச்சத்தில் பிடித்தேன். தாமதித்தேன். தண்ணீர் என்று வாசித்தேன். சீனி என்று வாசித்தேன். ஏதோ ஓர் அமிலம். பிறகு ‘நிறம்’ என்று போட்டு, பக்கத்தில் ஒரு சொல். சீ, ஏ, ஆர், ஏ, எம், ஈ, எல்.

நான் காணாத சொல். ஆனால் தலையையும் வாலையும் பார்த்தால் தெரிந்த சொல்தான். நடுவில் ‘ஆர், ஏ’ என்று இரண்டு எழுத்து இடைஞ்சலாக நின்றன. ஊமை என்று தள்ளினேன். மிச்சம் இருந்தது எங்கள் பாடப் புத்தகத்தில் படத்தோடு இருந்த மிருகம்.

“ஒட்டகம்” என்றேன்.

மாமி நான் தப்பிக்க ஒரு வழி விட்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. “ஒட்டகத்தின்ர நிறம் எண்டு சொல்லுறியோ, தம்பி?” என்று கேட்டார்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் படித்தவன் அரைகுறையாகச் சொல்லக் கூடாதே!

“இல்லை மாமி. நிறத்துக்காகப் போட்டிருக்கிற ஒட்டகம்.”

மாமி கிளாசை மேசையில் வைத்தார். சீலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். பிறகு நாக்கையும் துடைத்தார். பேசாலையில் பசாம் வாசிக்கிறபோது, அதுதான் ஆண்டவரின் பாடுகளைச் சொல்லி அழுகிற வாசிப்பு, முன்னுக்கு நின்று குரல் எடுத்துக் கொடுக்கிற மனுசி அவர். எழும்பிப் போனார்.

வீடு முழுக்க ஒட்டகம்

அம்மா தலையில் கை வைத்தார். அப்பா மட்டும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை.

“பிள்ளை இருக்கிறதைத்தானே வாசிச்சவன். அரபு நாட்டுக்கு வேலைக்குப் போனவங்கள் சொல்லேல்லையே, அங்க ஒட்டகம் எக்கச்சக்கம் எண்டு? என்ன செய்யிறதெண்டு தெரியாமல் போத்தல்ல அடைச்சு அனுப்புறாங்கள்.”

“நீங்கள் சும்மா இருங்கோ! அந்த மனுசி ஊருக்கு என்ன சொல்லப்போகுதோ” என்றார் அம்மா.

அக்கா உள்ளே போய்த் தன்னுடைய முகப்பூச்சுக் குழாயைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். கலியாணத்துக்கு என்று வாங்கி, ஒவ்வொரு நாளும் பயறளவு எடுத்துப் பூசுகிறவள்.

“இதையும் பார்.”

பார்த்தேன். அடியில் எறும்பு மாதிரி எழுத்து. நாலாவது வரியில் அதே ஏழு எழுத்து.

“சொல்லன்டா.”

“இதுக்குள்ளயும் நிக்குது, அக்கா.”

அக்கா கிணற்றடிக்கு ஓடினாள். அவள் முகம் கழுவி முடிப்பதற்குள் அம்மா வினாகிரிப் போத்தலைக் கொண்டுவந்தார். ஒட்டகம். என் சின்னத் தம்பிக்குக் குடிக்கக் கொடுத்த இருமல் மருந்து. ஒட்டகம். ஒவ்வொரு போத்தலிலும் என் வாசிப்புச் சரியென்று எனக்கு இன்னும் உறுதியாயிற்று. இத்தனை கொம்பனிகள் சேர்ந்து பிழை விடுவார்களா?

அடுத்த நாள் சர்பத் போத்தலைத் தூக்கிக்கொண்டு மன்னார்ப் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த காசிம் நானாவிடம் போனேன். அவர்தான் விற்றவர். வாசலில் நின்ற கழுதையை விலக்கிவிட்டு உள்ளே போய் நியாயம் கேட்டேன்.

நானா போத்தலை வாங்கி நாலு பக்கமும் திருப்பினார். “ஒட்டகமா? ஒட்டகம் எங்களுக்குக் கூடும் தம்பி. உங்களுக்குத்தான் வெள்ளிக்கிழமை கரைச்சல். ஆனா நான் ஒண்டு சொல்லட்டா? எங்கட மருமகன் இதைக் காரமெல் எண்டு வாசிச்சான். காரமல்ல எண்டதைத்தான் எழுத்துக் குறைச்சுப் போட்டிருக்காங்க. குடிச்சுப் பாருங்க, காரமா இருக்கா? இனிப்பு!”

நான் சிரித்தேன். படிக்காத மனிதர், பாவம் என்று நினைத்தேன். உண்மைக்கு என்னைவிட எவ்வளவு கிட்ட நின்றார் என்று அப்போது தெரியவில்லை.

திரும்பி வந்தபோது அப்பாவின் முகம் தொங்கிப்போயிருந்தது. கரையில் பேசாலை ஆட்கள் சேதி சொல்லியிருந்தார்கள். ஓலை வாசிக்க வேண்டாமாம். திரேசம்மா யோசிக்க வேணுமாம்.

அக்கா வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள். “அன்ரன், உனக்கு அந்தச் சொல்லு வடிவாத் தெரியுமோ?”

அதுவரை அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

ஒன்பது பக்கம்

மன்னார் நூல்நிலையத்தில் ஒரு தடித்த ஆங்கில அகராதி இருந்தது. அடுத்த கிழமை அதை எடுத்து வைத்து ஒட்டகத்தைத் தேடினேன். ஒட்டகம் இருந்தது. ஆனால் அதற்கு எழுத்து ஐந்துதான். ஊமை எழுத்து ஒன்றும் இல்லை.

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். மெழுகுதிரி வந்தது. வள்ளம் வந்தது. கப்பல் தலைவன், மோட்டார் வண்டி எல்லாம் வந்து போயின. ஒன்பதாவது பக்கத்தில் என் ஏழு எழுத்துகளும் ஒன்றும் குறையாமல் வரிசையாக நின்றன. ஒன்றும் ஊமை இல்லை. எல்லாம் வாய் திறந்து பேசின.

எரித்த சீனி. உணவுக்கும் பிறவற்றுக்கும் மண்ணிறம் ஊட்டச் சேர்ப்பது.

அவ்வளவுதான். மாமி குடித்தது சீனி. அக்கா பூசியது சீனி. நூல்நிலையத்தில் இருந்த கதிரை என்னை விழுங்கிவிட்டால் நல்லது என்று இருந்தது. ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். முகப்பூச்சிலும் சீனிதான், நிறத்துக்குத்தான் என்றேன். அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“எறும்பு வராதோ?” என்று கேட்டாள். பிறகு, “போய் அங்க சொல்லு” என்றாள்.

மாமியின் தாச்சி

பேசாலைக்குச் சைக்கிளில் போனேன். எதிர்காற்று. வழி முழுக்க ஒரு வசனத்தைப் பாடமாக்கினேன். மாமியின் முகத்தைக் கண்டதும் அது போய்விட்டது.

“மாமி, ஒரு கை சீனி தாறீங்களோ? எரிக்க வேணும்.”

“முதல்ல ஒட்டகம், இப்ப சீனியை எரிக்கப்போறியோ? விசரோ உனக்கு?”

ஆனால் தந்தார். குசினியில் அடுப்பில் தாச்சியை வைத்துச் சீனியைக் கொட்டினேன். உருகியது, பொன்னிறமாயிற்று, எனக்குச் சந்தோசம். பார்த்துக்கொண்டு நின்றேன். கறுத்தது. புகைந்தது. மாமி ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுத் தாச்சியைப் பறித்தார்.

“தள்ளடா அங்கால! இப்பிடியோ கருக்கிறது? சுடுதண்ணி ஊத்த வேணும், மூதேவி!”

ஊற்றினார். தாச்சி சீறியது. புகை விலகியபோது உள்ளே கறுத்த மண்ணிறச் சீனிப்பாணி. விளக்கில் பிடித்தால் சர்பத் போத்தலின் அதே நிறம்.

“ஒவ்வொரு நத்தார்ப் பெருநாளுக்கும் கேக்குக்கு நிறம் வர நான் இதைத்தான் போடுறனான். இதுக்கென்ன இப்ப?”

“இதுதான் மாமி அந்த ஒட்டகம்.”

அகராதியில் இருந்து எழுதிக்கொண்டு வந்த கடதாசியைக் காட்டினேன். நான் வாசித்துக்காட்டத் தொடங்க, மாமி கையை உயர்த்தி நிறுத்தினார். விரலைத் தாச்சியில் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு மெல்லப் பலகையில் உட்கார்ந்தார். கோபம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

“அப்ப நான் சாமியிட்டப் போய்ச் சொன்னது?”

எனக்கு விளங்கவில்லை.

“பாவசங்கீர்த்தனத்தில சொல்லிப்போட்டனடா! சுத்தபோசனத்தண்டு ஒண்டரைக் கிளாஸ் ஒட்டகம் குடிச்சுப்போட்டன் எண்டு. சிலுவைப்பாதை பதினாலு தலமும் முழங்காலில போகச் சொல்லிப்போட்டார். போனனான்! இந்த முழங்காலோட! கருக்கின சீனிக்கு!”

“சாமியிட்டத் திருப்பிச் சொல்லுங்கோவன், மாமி.”

“நானோ? நாளைக்கும் பசாமுக்கு முன்னுக்கு நிக்க வேணும். எந்த முகத்தோட போய், சாமி அது ஒட்டகமில்லை எண்டு சொல்லுறது? வாசிச்சவன் நீ. நீ போ. போய் அந்தப் பாவத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு வா.”

“அதுக்குப் பிறகு ஓலை...”

“பாவம் வரட்டும். பிறகு பாப்பம்.”

பெட்டிக்குள்

பின்னேரம். பேசாலைக் கோயிலில் பாவசங்கீர்த்தனப் பெட்டிக்கு முன்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒரே ஒரு ஆண் நான். முறை வந்ததும் முழங்காலில் நின்று, மரச் சல்லடைக்கு வாயை வைத்தேன்.

“சாமி, நான் இன்னொராளின்ர பாவத்தைத் திருப்பி வாங்க வந்தனான்.”

உள்ளிருந்து சாமியார் கேட்டார். “என்னது?”

ஆள் யார் என்று சொல்லாமல் மிச்சம் எல்லாம் சொன்னேன். போத்தல், ஊமை எழுத்து, அகராதி, தாச்சி. அது இறைச்சி இல்லை சாமி, எரித்த சீனி, அதனால் அந்த ஆளில் பாவம் இல்லை, தயவுசெய்து வெட்டிவிடுங்கள் என்றேன்.

“எனக்கு ஒருத்தரும் ஒட்டகத்தைப் பற்றிச் சொல்லேல்லை” என்றார் சாமியார்.

“சொன்னவ, சாமி. போன கிழமை.”

“சொல்லியிருந்தாலும் சொல்லேல்லை. விளங்குதோ? இந்தப் பெட்டிக்குள்ள சொல்லுறது பெட்டிக்குள்ளதான்.”

அத்தோடு அவர் குரல் நின்றுவிட்டது. பெட்டி மெல்ல ஆடத் தொடங்கியது. செபிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு மூக்கால் ஒரு சத்தம் வந்தது. தொடர்ந்து, வாயைக் கையால் பொத்தினால் வருகிற சத்தம். பலகைகள் கிறீச்சிட்டன. வரிசையில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். இவன் என்ன பாவம் செய்தவனோ என்று நினைத்திருப்பார்கள்.

கனநேரத்துக்குப் பிறகு மூச்சு வாங்கும் குரலில் கேட்டார். “சரி. இனி உன்ர பாவத்தைச் சொல்லு.”

நான் மற்றவரின் பாவத்துக்குத்தான் ஆயத்தமாக வந்திருந்தேன். என்னுடையதை யோசித்திருக்கவில்லை.

“தெரியாததைத் தெரியுமெண்டு வாசிச்சுப்போட்டன், சாமி.”

“எத்தனை தரம்?”

நீலச் சட்டையில் இருந்து எண்ணத் தொடங்கினேன். இடையில் மறித்துவிட்டார்.

“காணும், காணும். சிலுவைப்பாதை. அதே மாதிரி முழங்காலில.”

முழங்கால் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. அதைச் சொல்லிக் காட்டவும் வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கோயில் வாசலில்

பதினாலாவது தலத்தில் எழும்பியபோது கால் என்னுடையதாக இருக்கவில்லை. திரும்பினால், வாசல் தூணில் சாய்ந்துகொண்டு மாமி. முழுவதையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

“சாமி என்ன சொன்னவர்?”

“பெட்டிக்குள்ள சொன்னது, மாமி. வெளியில சொல்லக் கூடாது.”

“என்னைப் பற்றி?”

“ஒருத்தரைப் பற்றியும் ஒண்டும் தெரியாதாம்.”

மாமி ஒரு அடி கிட்ட வந்தார். குரலைத் தாழ்த்தினார். “சிரிச்சவரோ?”

ஐயமில்லாமல் எனக்குத் தெரிந்த விசயம் அது. ஓர் எழுத்தும் பிசகாமல் சொல்லக்கூடியது. அந்தப் பெட்டி ஆடின ஆட்டத்தை மறக்க முடியுமா? நானும் வழக்கம்போலக் கொஞ்சம் தாமதித்தேன்.

“இல்லை, மாமி.”

பாவசங்கீர்த்தனம் முடிந்து அரை மணித்தியாலம் ஆகவில்லை. அடுத்த பாவம்.

மாமி என் முகத்தை நன்றாகப் பார்த்தார். நம்பினாரோ என்னவோ, இன்றுவரை கேட்டதில்லை. தலையில் போட்டிருந்த முக்காட்டைச் சரிசெய்தார்.

“கொப்பரிட்டச் சொல்லு, வாற ஞாயிறு ஓலை வாசிக்கச் சொல்லி” என்றார். பிறகு, “கலியாணக் கேக்குக்குக் கருக்கல் நான் போடுறன். நீ அடுப்படிப் பக்கம் வரப்படாது.”

முழங்கால் மடியவில்லை. சைக்கிளைப் பாதி வழி உருட்டினேன். மிச்சம் யாரோ ஒருவரின் மீன் லொறியில் வந்தேன். அக்கா படலையடியில் நின்றாள். நான் நொண்டி நொண்டி வருவதைக் கண்டு நாலு அடி ஓடிவந்து நின்றாள்.

“அடிச்சவவோ?”

“இல்லை. ஞாயிறு ஓலையாம்.”

அதற்குப் பிறகு அவள் என் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே ஓடினாள். எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று, அந்தக் குழாயில் இருந்து பயறளவு எடுத்து, முகம் முழுக்கச் சீனி பூசிக்கொண்டிருந்தாள்.